டியூப்லைட்டுக்கு உபயம் உண்டு; கரண்ட் பில்லுக்கு?

கோயில் மண்டபத்தில் எரியும் டியூப்லைட்டை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். வெளிச்சத்தில் பாதியை விழுங்கிக்கொண்டு, சிவப்புப் பெயின்டில் ‘உபயம்’ என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், ஊர், கடை என்று நீண்டுகொண்டே போகும். நகைச்சுவைத் துணுக்கு எழுதுகிறவர்கள் காலங்காலமாகக் கிண்டலடித்துத் தேய்த்துவிட்ட காட்சிதான். ஆனால், அந்த விளக்கு எரிய ஆகும் கரண்ட் பில் யார் உபயம் என்று மட்டும் எந்தத் துணுக்கும் கேட்டதில்லை. கோயிலுக்காவது உண்டியல் இருக்கிறது. ஒரு முதியோர் இல்லத்தையோ, மனநலக் காப்பகத்தையோ, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் சிறப்புப் பள்ளியையோ எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது. சக்கர நாற்காலிக்கு உபயதாரர் உண்டு. கிரைண்டருக்கு உண்டு. பிறந்தநாள், நினைவுநாள் என்று மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். சமையற்காரம்மாவின் சம்பளம், இரவு முழுக்க விழித்திருக்கும் ஆயாவின் சம்பளம், கணக்கு எழுதுகிறவரின் சம்பளம், ஆடிட்டர் கட்டணம், ஆம்புலன்ஸுக்கு டீசல், கட்டட வாடகை - இவற்றின் மேல் பெயர் எழுத இடமில்லை. அதனால் இவற்றுக்குப் பணமும் வருவதில்லை.

தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டும் முறையில் இருக்கும் அடிப்படைக் கோளாறே இதுதான் என்பது என் கருத்து. எப்படிக் கேட்டால் அதிகம் கிடைக்கும் என்று சொல்லித்தர இன்று பயிற்சி வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. எந்த நேரத்தில் பதிவு போடுவது, வீடியோவின் முதல் ஐந்து விநாடிகளில் என்ன காட்டுவது, கண்ணீரை எந்த இடத்தில் வைப்பது வரை பாடம் நடக்கிறது. எதைக் கேட்பது என்ற பாடம் மட்டும் இல்லை. கொடுப்பவருக்கு எது பிடிக்குமோ அதைக் கேட்டு வாங்கிப் பழகிவிட்ட நிறுவனங்கள், தமக்கு எது வேண்டுமோ அதைக் கேட்கக் கூசுகின்றன. நிறுவனத்தை நடத்த ஆகும் செலவை மறைக்காமல் முதல் வரியிலேயே கேட்பதுதான் நல்ல உத்தி என்று நான் சொல்லும்போது, அதை அறவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அதுதான் கட்டுபடியாகும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு எரிக்க நினைத்தவர் விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கொடுத்தார். அந்த ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைத்து, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று பொறுப்புக் கட்டிக் கல்லில் வெட்டினார்கள். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடானதும் செத்ததும் போக, குட்டிகளால் எண்ணிக்கை நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விளக்கு, எரிபொருள், எரிபொருளைக் கொண்டுவரும் ஆள், அந்த ஆளின் பிழைப்பு எல்லாம் ஒரே கொடையில் அடங்கிவிடுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்ததையும், தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான் என்பதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. அதே சுவர்களில், கோயில் பணியாளருக்கு ஆண்டுக்கு எத்தனை கலம் நெல் என்ற பங்குப் பட்டியலும் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டிர் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு. ஆடலாசான், இசைக்காரர், தையற்காரர், தச்சர், நாவிதர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கருவூலம் காப்பவரையும் கணக்கரையும் கீழ்க்கணக்கரையும் காவலரையும் எந்தெந்த ஊர் அனுப்ப வேண்டும் என்பதற்கும் கல்வெட்டு உண்டு. அந்த நெல்லை விளைவித்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள், அது வேறு விவாதம். நான் சொல்ல வருவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கணக்கருக்கும் உபயம் இருந்தது என்பதை. அப்போது யாரும் அதை ‘வீண் செலவு’ என்று சொல்லவில்லை.

இப்போது சொல்கிறோம். “நான் கொடுக்கும் நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் குழந்தைக்குப் போகும்?” என்பதுதான் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி. “நூறும் போகும்” என்று சொல்லும் நிறுவனத்தை மெச்சுகிறோம். குழந்தைக்குச் சோறு சமைப்பவரும் குளிப்பாட்டுபவரும் காற்றைக் குடித்து வாழ்கிறார்களா என்று மட்டும் கேட்பதில்லை. கொடுப்பவரின் இந்த மனநிலையை அமெரிக்காவில் ஆய்வாளர்கள் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். யூரி நீசியும் சகாக்களும் 2014-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. கல்விக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக 40,000 பேருக்குக் கடிதம் அனுப்பினார்கள். அவர்களை நான்கு சம பங்காகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு வெறும் வேண்டுகோள். இரண்டாம் பிரிவுக்கு, ஒரு பெரிய கொடையாளி இந்தத் திட்டத்துக்கு ஏற்கெனவே 10,000 டாலர் கொடுத்திருக்கிறார் என்ற செய்தி. மூன்றாம் பிரிவுக்கு, நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் அவர் ஒரு டாலர் போடுவார் என்ற செய்தி. நான்காம் பிரிவுக்கு, இந்த வேலையின் நிர்வாகச் செலவு முழுவதையும் அவர் ஏற்றுக்கொண்டார், உங்கள் பணம் அப்படியே திட்டத்துக்குப் போகும் என்ற செய்தி. முதல் பிரிவிலிருந்து வந்தது 8,040 டாலர். இரண்டாவதிலிருந்து 13,220, மூன்றாவதிலிருந்து 12,210. நான்காவதிலிருந்து 23,120 டாலர். பெரிய கொடையாளி போட்ட பணம் பிந்தைய மூன்று பிரிவுகளிலும் ஒன்றுதான். அது எதற்கு என்று சொன்ன விதத்தில்தான் நான்காம் பிரிவு மற்ற இரண்டையும் முந்தி, வெறும் வேண்டுகோளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வசூலித்தது.

இந்த முடிவைப் பார்த்து, “பார்த்தீர்களா, நிர்வாகச் செலவு என்ற சொல்லே மக்களுக்கு ஆகாது, அதை மறைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்” என்று ஒருவர் வாதிடலாம். நிதி திரட்டும் துறையில் பலரும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். எனக்கு அந்த எண்கள் வேறு ஒன்றைச் சொல்கின்றன. நான்காம் கடிதம் எதையும் மறைக்கவில்லை. நிர்வாகச் செலவு என்று ஒன்று இருக்கிறது என்பதை உடைத்துச் சொன்ன ஒரே கடிதம் அதுதான். ‘இருக்கிறது, அதற்கு இன்னார் பொறுப்பேற்றிருக்கிறார்’ என்று தெரிந்ததும் மற்றவர்களுக்கு நெஞ்சில் இருந்த சந்தேகம் இறங்கிவிட்டது. ஆக, ஒரு தொண்டு நிறுவனம் செய்ய வேண்டிய முதல் வேலை, தன் ஊரில் விவரமறிந்த ஒரு வணிகரையோ மருத்துவரையோ முன்னாள் மாணவர் சங்கத்தையோ நேரில் பார்த்து, “எங்களுக்குக் கட்டடம் வேண்டாம், வேன் வேண்டாம், மூன்று வருடத்துக்குக் கணக்கர் சம்பளத்தையும் ஆடிட்டர் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று கேட்பது. வியாபாரம் நடத்தியவருக்கு இது புரியும். வரவு செலவு எழுத ஆள் வைக்காமல் எந்தக் கடையும் தேறியதில்லை என்று அவருக்கே தெரியும். அதன்பின் பொதுமக்களிடம் போகும்போது இதையே சொல்லிப் போகலாம்.

அப்படிக் கேட்காமல் விட்டால் என்ன ஆகிறது? ஆன் கோகின்ஸ் கிரெகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் 2009-இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பட்டினிச் சுழல் என்று விவரித்தது. கொடுப்பவர்கள் நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நிறுவனங்கள் அதற்குப் பயந்து உண்மையைக் குறைத்து எழுதுகின்றன. குறைத்து எழுதிய எண்ணைப் பார்த்த கொடுப்பவர்கள், ‘இவ்வளவில் முடியும்போல’ என்று அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர், பயிற்சியில்லாத ஆள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையைவிட்டுப் போகும் ஊழியர் என்று நிறுவனம் உள்ளுக்குள்ளேயே மெலிகிறது. இந்தியாவிலும் இதுதான் நிலை. பிரிட்ஜ்ஸ்பேன் என்ற ஆலோசனை அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் மறைமுகச் செலவுகளுக்குப் பணம் பெறத் திண்டாடுவதாகச் சொன்ன தொண்டு நிறுவனங்கள் ஐந்தில் நான்குக்கும் மேல்.

சட்டமும் இந்த மனநிலைக்குத் துணைபோகிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இல் வந்தபோது, அந்தப் பணத்தில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்குச் செலவிடலாம் என்றிருந்தது. 2020 திருத்தம் அதை 20 சதவீதமாகக் குறைத்தது. அதே திருத்தம், வெளிநாட்டு நன்கொடை பெற்ற ஒரு நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடை செய்தது. டெல்லியிலோ சென்னையிலோ இருக்கும் பெரிய அமைப்பு வாங்கி, கிராமத்துச் சிறிய அமைப்புக்குத் தருவது என்ற வழி ஒரே நாளில் அடைபட்டது. பெருநிறுவனங்களின் சிஎஸ்ஆர் பணமும் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. நிறுவனங்கள் சட்டம் 2013-இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்துமதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் திட்டம், இலக்கு, எண்ணிக்கை, திறப்பு விழா புகைப்படம் என்றே வருகிறது. பள்ளியில் கழிப்பறை கட்ட வரும். மறு வருடம் அதைக் கழுவ ஆள் போட வராது. டியூப்லைட் உபயம்தான், எழுத்து மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்.

இதற்கு வரும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. நிர்வாகச் செலவைக் கண்டு மக்கள் முகம் சுளிப்பது மூடத்தனத்தால் அல்ல, பட்ட அனுபவத்தால் என்பது அது. அனாதை இல்லம் என்று பலகை மாட்டிவிட்டுக் காரில் சுற்றுகிறவர்களை நம் ஊர்கள் பார்த்திருக்கின்றன. பேருந்து நிலையத்தில் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்று விசாரித்தால் விலகிப் போகிறார். இந்த நிலையில் நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு கேட்பது தற்காப்புதானே? தற்காப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. இந்தக் கவசம் ஓட்டை என்பதே என் வாதம். ஏமாற்ற நினைப்பவருக்கு நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டுவதைப் போல எளிதான வேலை வேறில்லை. தன் வீட்டு மளிகையை ‘குழந்தைகள் உணவு’ என்ற தலைப்பில் எழுதினால் முடிந்தது. விகிதம் பளிச்சென்று இருக்கும். அந்தப் போலிக் கணக்கைப் பிடிக்க என்ன வேண்டும்? ஒழுங்கான கணக்கர், சுதந்திரமான ஆடிட்டர், கேள்வி கேட்கும் அறங்காவலர் குழு. மூன்றுமே நிர்வாகச் செலவு! திருட்டைத் தடுக்கும் பூட்டுக்குக் காசு தர மாட்டேன், திருட்டும் நடக்கக் கூடாது என்று சொல்வதில் என்ன பொருள்? அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் முதலிய மூன்று அமைப்புகள் 2013-இல் கொடுப்பவர்களுக்குக் கூட்டாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்பது அதன் சாரம். அந்த விகிதத்தை அளந்து அளந்து மக்கள் மனதில் பதிய வைத்தவர்களே அப்படி எழுதினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிறுவனத்தைப் பற்றிப் பேச முடியாதபோது வேறு எதைப் பற்றிப் பேசுவது? குழந்தையின் முகத்தைப் பற்றி. இரக்கத்தை விற்கும் விளம்பரத்தின் பிறப்பிடம் இதுதான் என்று நினைக்கிறேன். அது பலிக்கிறது என்பதை மறுக்க முடியாது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் எத்தனை லட்சம் பேர் பசியில் வாடுகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள், குறைந்தது ரோக்கியாவின் கதை படித்தவர்களை நெருங்கியிருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? அவர்கள் கொடுத்தது 1.43 டாலர். எண்ணிக்கை கண்ணில் பட்டதுமே மனம் கையை இழுத்துக்கொள்கிறது. ஒரு முகம் போதும், இரண்டாவது தகவல் கூடாது என்ற சூத்திரத்தை விளம்பரக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த ஆய்வு அளந்தது ஒரே ஒரு தடவை கொடுத்த பணத்தை. ஒரு காப்பகம் நடக்க வேண்டியது முப்பது வருடம். முகத்தைக் காட்டி வாங்கும் பணத்துக்கு இரண்டு விலை உண்டு. ஒன்றை அந்தக் குழந்தை கொடுக்கிறது. பத்து வயதில் அழுக்குச் சட்டையோடு எடுத்த படம் இருபது வயதில் அவள் வேலைக்குப் போகும் இடத்தில் வந்து நிற்கும். நம் நாட்டில் இது நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நிற்கவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் தெரியும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காப்பகக் குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்து, கேக் வெட்டிய தொழிலதிபரோடு எடுத்த படம் ஃபேஸ்புக்கில் எத்தனை கிடக்கிறது என்று தேடிப் பார்த்தால், இந்தச் சட்டத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது விளங்கும். இன்னொரு விலையைக் கொடுப்பவரின் மனம் கொடுக்கிறது. இரக்கம் தேய்ந்துபோகும் பண்டம். இன்று அழுகிற முகத்துக்குக் கொடுத்தவரை நாளை அசைக்க அதைவிட அழுகிற முகம் வேண்டும். இணையத்தில் மருத்துவ உதவி கேட்கும் தளங்களில் இந்தப் போட்டி நடப்பதைப் பார்க்கலாம். அரிய மரபணு நோய்க்கு 16 கோடி ரூபாய் விலையுள்ள ஒரே ஊசிக்காக மக்கள் பணம் கொட்டிக் கொடுத்த சம்பவங்கள் உண்டு. அந்தக் குடும்பங்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே நோயோடு, முகம் வைரல் ஆகாத குழந்தையின் கதி என்ன?

“தத்துவம் பேசலாம் சார், இன்று ராத்திரி இருபது பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். படம் போட்டால் பணம் வருகிறது, போடாவிட்டால் வரவில்லை” என்று ஒரு காப்பாளர் சொன்னால், அதற்கு நான் தரும் பதில் அவரைக் குறைசொல்வதாக இருக்க முடியாது. அவருக்கு அந்த இரவைக் கடக்கும் வழி வேறு இல்லை என்பது உண்மை. அவரை அந்த நிலையில் நிறுத்தி வைத்திருப்பது, ஒவ்வொரு மாதமும் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைக்கும் ஒற்றைக் கொடை முறை. அமெரிக்காவில் நிதி திரட்டல் துறை தொடர்ந்து எடுக்கும் கணக்கெடுப்பின்படி, முதன்முறை கொடுத்தவர்களில் மறு வருடமும் கொடுப்பவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். மற்ற நால்வரையும் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டும். புதியவரைப் பிடிப்பதற்கு ஆகும் செலவு, பழையவரைத் தக்கவைத்துக்கொள்ள ஆகும் செலவைவிட எப்போதும் அதிகம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, குழாயைப் பெரிதாக்க வழி தேடுகிறோம்.

ஓட்டையை அடைத்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் ‘புஹ்ஃபாய் தாம்’ என்ற வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பது, அதைச் சபை சேகரித்து விற்பது, அவ்வளவுதான். நூறு ஆண்டுகள் தாண்டியும் நடக்கும் இந்த ஏற்பாட்டில் இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாய் சேர்கிறது. பணக்கார மாநிலம் அல்ல. வெளிநாட்டுப் பணமும் அல்ல. நம்மூரிலும் பிடி அரிசி என்ற சொல் பாட்டிமாருக்குத் தெரிந்த சொல்தான். காஞ்சிப் பெரியவர் பெயரில் நடந்த பிடி அரிசித் திட்டத்தைப் பலரும் அறிவார்கள். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிவதும் சுற்றுப்புற மக்கள் அரிசியும் பருப்பும் காய்கறியுமாகக் கொண்டுவந்து கொடுப்பதால்தான். இந்த முறைகளில் மூன்று குணங்கள் பொதுவானவை. தொகை சிறியது, அதனால் மாதக் கடைசியிலும் வலிக்காது. தினமும் நடப்பது, அதனால் புதிதாக மனம் இரங்க வேண்டியதில்லை. இன்ன பிள்ளைக்கு, இன்ன வேளைக்கு என்று குறித்துக் கொடுக்காதது, அதனால் அரிசியானாலும் விறகானாலும் எது தேவையோ அதற்குப் பயன்படும். மூன்றாவதுதான் முக்கியம். அரிசி கொடுத்த கிழவி, அடுப்புக்குச் சாம்பல் அள்ளும் ஆளுக்குச் சம்பளம் போகிறதா என்று கேட்பதில்லை.

2020 முதல் யுபிஐயில் தானாகக் கழியும் வசதி வந்துவிட்டது. மாதம் நூறு ரூபாய் என்று ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் போதும். அந்தக் காலத்துப் பிடி அரிசிக்கு வீடு வீடாகப் போய்ப் பை தூக்க ஆள் வேண்டியிருந்தது. இன்று அதுவும் வேண்டாம். ஆயிரம் பேர் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு லட்சம் ரூபாய் என்பது சின்னக் கணக்கு. ஆனால் மாதாமாதம் வரும் ஒரு லட்சம், எப்போது வரும் என்று தெரியாத இருபது லட்சத்தைவிடப் பெறுமானம் கூடியது. அதை நம்பி ஒரு நர்ஸை வேலைக்கு எடுக்கலாம். இருபது லட்சத்தை நம்பி ஒரு கட்டடத்தைத்தான் எழுப்பலாம்.

கேட்பதே கௌரவக் குறைவு, விளம்பரம் செய்வது தொண்டுக்கு அடுக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற மரபில் வளர்ந்தவர்கள். அது கொடுப்பவருக்கான நெறி. கேட்பவருக்கு அப்படியொரு நெறி விதித்தால், கொடுக்கும் கை எங்கே போய்க் கொடுக்கும்? இந்த நாடு கண்ட மிகப் பெரிய நிதி திரட்டுநர் காந்தி. 1921-இல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் என்று இலக்கும் கெடுவும் வைத்துத் திரட்டினார். அரிஜன நிதிக்காகத் தன் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் விலை வைத்தார். தனக்கு வந்த பரிசுப் பொருள்களை மேடையிலேயே ஏலம் விட்டார். இன்றைய மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்லித்தரும் எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் காலணாவுக்கும் கணக்குக் கேட்ட மனிதரும் அவர்தான். க்ரை அமைப்பை 1979-இல் ரிப்பன் கபூரும் நண்பர்களும் ஐம்பது ரூபாயோடு தொடங்கி, வாழ்த்து அட்டை விற்றே வளர்த்தார்கள். ஒரு தலைமுறை நடுத்தர வர்க்கம் புத்தாண்டு அட்டை வாங்கியபடியே குழந்தை உரிமை என்ற சொல்லைத் தெரிந்துகொண்டது. வாங்கியவர் பிச்சை போட்டவராக உணரவில்லை. பெற்ற குழந்தையும் முகம் காட்ட வேண்டியிருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் கொடுப்பவர் ஓடிவிடுவார் என்ற அச்சத்துக்கும் ஒரு பதில் நம் கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகம் பணத்தைக் கொட்டியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே, சுனாமி வேலைக்குத் தங்களால் பயன்படுத்த முடிந்த அளவு பணம் வந்துவிட்டது, இனிமேல் அதற்காக அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம், இதை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா, வேண்டாமென்றால் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று கேட்டது. பிற அமைப்புகள் சில இதைக் கேட்டு எரிச்சலடைந்தன. நன்றாக வந்துகொண்டிருக்கும் வசூலை இவர்கள் கெடுக்கிறார்களே என்று. ஆனால் கொடுத்தவர்களில் மிகச் சிலரே பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதே நாட்களில் நாகப்பட்டினம் சாலையோரங்களில் லாரி லாரியாக வந்திறங்கிய பழைய துணிகள் மலைபோலக் குவிந்து மழையில் நனைந்தன. மீனவர் குடும்பத்துக்கு உதவாத துணிகள் அவை. அவற்றைச் சேகரித்துத் தரம் பிரிக்கத் தனி வேலையே நடத்த வேண்டியிருந்தது. டெல்லியின் கூஞ்ச் அமைப்பு அதைச் செய்தது. என்ன வேண்டும் என்று கேட்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால், கொடுப்பவர் தன்னிடம் மிஞ்சியதைக் கொடுப்பார்.

வரிச் சலுகையை முன்னிறுத்திக் கேட்கும் வழக்கமும் இனி நெடுநாள் ஓடாது. ‘80ஜி ரசீது உண்டு’ என்ற வாசகம் எத்தனையோ ஆண்டுகள் நோட்டீஸ்களின் கடைசி வரியாக இருந்தது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறையே இயல்பான தேர்வு ஆகிவிட்டது. அதில் இந்தக் கழிவு கிடையாது. மாதச் சம்பளக்காரர்கள் பெருமளவில் அந்தப் பக்கம் நகரும்போது, வரிக்காகக் கொடுத்தவர் நின்றுவிடுவார். நிறுவனத்தை நம்பிக் கொடுத்தவர் மட்டும் மிஞ்சுவார். அந்த நம்பிக்கையை வளர்க்க மார்ச் மாதக் கடைசி வாரத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி போதாது. வாங்கியதற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம், மூன்று மாதம் கழித்து என்ன நடந்தது என்று இன்னொரு கடிதம், எது நடக்கவில்லை என்பதும் அதில் இருப்பது. இதற்கும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் சம்பளம் வேண்டும்.

மூன்று பேர் நடத்தும் கிராமத்துக் காப்பகம் இதையெல்லாம் எப்படிச் செய்யும் என்பது நியாயமான கேள்வி. தனித்தனியாகச் செய்ய முடியாதுதான். ஒரு மாவட்டத்தில் ஐந்தாறு சிறிய அமைப்புகள் சேர்ந்து ஒரு கணக்கரையும், கடிதம் எழுதத் தெரிந்த ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். கறவை மாடு வைத்திருப்பவர்கள் பால் சொசைட்டியில் சேர்ந்துகொள்வதைப் போல. அதுவும் முடியாதவர்கள் ஒரு பலகையிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான இல்லங்களின் அலுவலக அறையில் ஒரு விலைப்பட்டியல் தொங்கும்: காலை டிபன் இவ்வளவு, மதியச் சாப்பாடு இவ்வளவு, வடை பாயசத்துடன் என்றால் இவ்வளவு. அதன் கீழே இன்னும் நான்கு வரி சேர்க்க வேண்டும். இரவுப் பணி ஆயாவுக்கு ஒரு நாள் சம்பளம் இவ்வளவு. சமையற்காரருக்கு ஒரு நாள் இவ்வளவு. ஒரு நாள் மின்கட்டணம் இவ்வளவு. கணக்கு எழுத, தணிக்கை செய்ய ஒரு நாளுக்கு இவ்வளவு. மகளின் பிறந்தநாளுக்குப் பணம் கட்ட வந்தவர், ரசீது எழுதி முடிக்கும்வரை வேறு வேலையில்லாமல் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.